கருப்பராயன் கோயில் முன்னால் நிற்கும் வண்டி

கோகிலவாணியிடம் வண்டி வேலை கற்றுக்கொண்டிருந்த நாச்சிமுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட்டார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க அம்மிணி. அப்புறம் எதுக்கு இந்த வண்டி நிக்குது?"

கார்புரேட்டரைக் கழற்றிச் சாக்கின் மேல் பரப்பி வைத்திருந்தார். ஒரே மாதத்தில் அதே வண்டிக்கு மூன்றாவது தடவை. பெட்ரோல் வரும் குழாய் புதிது. பில்டர் புதிது. பிளக்கும் புதிது.

கோகிலவாணி காதில் வாங்கிக்கொண்டே பாப்பாவுக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தாள்.

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்து நாலு. அவள் ஆறு வருஷம் திருப்பூரில் ஒரு ஸ்கூட்டர் ஷோரூமில் மெக்கானிக் வேலை பார்த்தவள். பாப்பா பிறந்ததும் வீட்டை ஒட்டித் தகரம் போட்டுச் சொந்தமாகப் பட்டறை வைத்துக்கொண்டாள். அவர் நூல் மில்லில் இருபத்து நாலு வருஷம் பிட்டராக இருந்தவர். மில்லை மூடிவிட்டார்கள். அவர் நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரே பட்டறை இதுதான். "என்னையும் சேத்துக்குங்க அம்மிணி" என்று ஒரு நாள் வந்து நின்றார். ஒரு பொம்பளைப் பிள்ளை என்ன தெரிந்து வைத்திருக்கப்போகிறது என்றும் அன்றைக்கு அவருக்கு மனசில் இருந்தது.

வண்டிக்காரி சுகுணா வாசலிலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதில் காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிப்போனவள். ஊன்றுகோல் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தது. பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாகப் பொருத்திய ஸ்கூட்டர் அவளுடையது. அதில்தான் தினமும் பதினாலு கிலோமீட்டர் போய் டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் போன் எடுத்துப் பேசுகிற வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு நான் சீட்டுல இருக்கணும்ண்ணா" என்றாள் நாச்சிமுத்துவிடம். "இன்னொரு நாள் லேட்டா வந்தா வேற புள்ளையப் போட்டுக்குவோம்னு சொல்லிட்டாங்க. அந்தப் புள்ள வந்து சீட்டெல்லாம் பாத்துட்டுப் போயிருச்சு."

"பஸ்ல போலாமில்ல கண்ணு?"

"ரெண்டு படி ஏறுறதுக்குள்ள கண்டக்டர் விசில் ஊதிருவாரு."

நாச்சிமுத்து கார்புரேட்டரின் ஜெட்டை, பெட்ரோல் பீச்சும் அந்தச் சின்னக் குழலை, ஊதினார். துவாரம் சுத்தமாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மறுபக்கம் வானம் தெரிந்தது.

"எங்க நிக்குதுங்க்கா?" கோகிலவாணி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"கருப்பராயன் கோயில் முன்னாடி. போனாலும் அங்கதான், வந்தாலும் அங்கதான்."

"பாதித் தூரம்."

"ஆமா, சரியாப் பாதி. ரெண்டு குலுக்கு குலுக்கும், நின்னுரும். எறங்கித் தள்ளவா முடியும் என்னால? அப்படியே உக்காந்து கையெடுத்துக் கும்பிடுவேன். பண்டாரம் வந்து துண்ணூறு குடுப்பாரு, சந்தனம் குடுப்பாரு. சித்த நேரம் ஆச்சுன்னா கெளம்பிரும்."

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மில்லில் சங்கத்துச் சிவப்புக் கொடி பிடித்தவர் அவர். "கருப்பராயன் என்ன, டிராபிக் போலீஸா கண்ணு? கையக் காட்டி நிறுத்துறாரு, கையக் காட்டி அனுப்புறாரு."

"சிரிங்க. உங்களால ஓட்டிவிட முடியல, அவரு ஓட்டி விடறாருல்ல?"

நாச்சிமுத்து குனிந்து ஜெட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

கோகிலவாணி கேட்டாள். "எவ்வளவு நேரம் உக்காருவீங்க?"

"மொதல்ல பத்து நிமிசம். அப்புறம் கால் மணி. இப்ப அரை மணி ஆகுது. என்ன கோவமோ தெரியல அவருக்கு. நானும் ஒரு நாள் தவறாம சந்தனம் வெக்கிறேன்."

"எங்க வெப்பீங்க?"

"பெட்ரோல் மூடி மேல."

"ஏன் அங்க?"

"பெட்ரோல் வரமாட்டேங்குதுன்னு இந்த அண்ணாதான் மொத நாளு சொன்னாரு." சுகுணா கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள். "நோவு எங்கயோ அங்கதான பூசணும்."

கோகிலவாணி தலையை ஆட்டிக்கொண்டாள். "ஒரு நாளாச்சும் நிக்காமப் போயிருக்குதுங்களா?"

சுகுணா யோசித்தாள். "ஒரு நாள். பெட்ரோல் போட மறந்துட்டேன். அடியில கொஞ்சூண்டு இருந்துச்சு. பயந்து பயந்து போனேன், டவுன் வரைக்கும் போயிருச்சு. கெளம்புறப்பவே மனசுக்குள்ள கும்பிட்டுட்டேன், அதனாலதான்."

"நெறைய இருந்தா நிக்குது. கொஞ்சமா இருந்தா ஓடுது."

"அது என்ன கணக்குங்க?" என்றார் நாச்சிமுத்து. "தலைகீழா இருக்குது."

கோகிலவாணி பால் பாட்டிலையும் ரப்பர் நிப்பிளையும் அவர் கையில் கொடுத்தாள். "பாப்பா எந்திரிச்சிட்டா. நீங்க குடுங்கண்ணா."

"வண்டி, அம்மிணி?"

"பால் குடுங்க."

நாச்சிமுத்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். பாட்டிலை மூடினார். எதை மூடினாலும் அவர் முடுக்கித்தான் மூடுவார். மில் பழக்கம். அவர் முடுக்கிய நட்டைக் கழற்ற அந்தப் பட்டறையில் ஸ்பேனர் மேல் ஏறித்தான் நிற்க வேண்டும் என்று கோகிலவாணியே கிண்டல் செய்திருக்கிறாள்.

சேலைத் தூரியிலிருந்து பாப்பாவைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். எட்டு மாதக் குழந்தை. ஆசையாக இழுத்தது. நாலு மிடறு போனது. ஐந்தாவது மிடறில் நிப்பிள் சப்பையாக ஒட்டிக்கொண்டது. பாப்பா கன்னம் குழிய இழுத்துப் பார்த்தது. ஒன்றும் வரவில்லை. வாயை எடுத்துவிட்டு அழுதது.

வாயை எடுத்ததும் நிப்பிள் மெல்ல உப்பி பழைய மாதிரி ஆனது. மறுபடி வைத்தார். நாலு மிடறு. மறுபடி சப்பை. மறுபடி அழுகை.

"அடைச்சிருச்சாட்ட இருக்குதுங்க" என்று நிப்பிளை உள்ளங்கையில் கவிழ்த்து அழுத்தினார். பால் பீச்சிக்கொண்டு வந்தது.

"அடைப்பு இல்ல" என்றாள் கோகிலவாணி. "பாட்டில்ல பால் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. முக்கால் பாட்டில் இருக்குது."

"பாப்பாவுக்குப் பசி இல்லீங்களா?"

"கத்துறதப் பாத்தா தெரியலீங்களா?"

"அப்புறம் எதுக்கு வரமாட்டேங்குது?"

நாச்சிமுத்து பாட்டிலைப் பார்த்தார். சற்று முன்னால் அவர் கேட்ட அதே கேள்விதான். 

கோகிலவாணி குனிந்து பாட்டில் மூடியைக் கால் திருகு மட்டும் இளக்கினாள். நகர்ந்து நின்றாள்.

பாப்பா இழுத்தது. பால் போனது. பாலுக்குள் ஒரு சின்னக் குமிழ் கிளம்பி மேலே ஏறியது. இன்னொரு மிடறு. இன்னொரு குமிழ். ஒரு மிடறு வெளியே போனால் ஒரு குமிழ் உள்ளே வந்தது. மிடறு பெரிதாக இருந்தால் குமிழும் பெரிதாக இருந்தது.

நாச்சிமுத்து தலையைக் குனிந்து அந்தக் குமிழ்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பிள்ளை பெற்று வளர்த்த வீட்டில் இருந்தவர். ஒரு நாள்கூட அவர் இதைப் பார்த்ததில்லை. பால் தீரும் வரைக்கும் அவர் கண்ணை எடுக்கவில்லை. பாப்பா தூங்கிப்போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

பிறகு விருட்டென்று எழுந்து பாப்பாவைத் தூரியில் போட்டுவிட்டு ஸ்கூட்டரின் பின்பக்கம் போனார். பெட்ரோல் மூடியில் கை வைத்தார்.

"இங்க தொறக்காதீங்கண்ணா."

"ஏனுங்க?"

"மூணு தடவையும் மொதல்ல அதத்தான் தொறந்து பாத்தீங்க. பெட்ரோல் இருக்குதான்னு." கோகிலவாணி சொன்னாள். "எல்லாத்தையும் மாட்டுங்க. டேங்க் நெறைய இருக்குது. சுகுணாக்காவக் கூட்டிட்டு அப்படியே போங்க. எங்க நிக்குதோ அங்க தொறங்க. மெதுவாத் தொறங்க. காத கிட்ட வெச்சுக்குங்க."

போனார்கள். சுகுணா ஓட்டினாள். நாச்சிமுத்து பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். வண்டி நன்றாகத்தான் ஓடியது. சோளக்காடு, கோழிப்பண்ணை, செங்கல் சூளை எல்லாம் தாண்டியது. கோயிலின் வேலும் மண் குதிரையும் கண்ணுக்குத் தெரிந்ததும் சுகுணாவின் தோள் இறுகியதை அவர் பார்த்தார். வண்டி ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை. கோயில் முன்னால் வந்து நின்றுவிட்டது.

பண்டாரம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு லீவுதான கண்ணு? உனக்கு லீவு, வண்டிக்கு லீவு இல்லையாட்ட இருக்குது. உன்னைவிட அதுக்குப் பக்தி ஜாஸ்தி."

சுகுணா சிரிக்கவில்லை. கையைக் கூப்பினாள்.

நாச்சிமுத்து இறங்கினார். சுற்றும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு குனிந்து மூடியின் பக்கத்தில் காதை வைத்தார். மெதுவாகத் திருகினார்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அந்தச் சத்தம் வந்தது.

வெளியே வருகிற சத்தம் இல்லை. உள்ளே போகிற சத்தம். கிணற்றில் முங்கிக் கிடந்தவன் தலையைத் தூக்கி முதல் மூச்சை இழுப்பான் பாருங்கள், அந்த மாதிரி நீளமாக இருந்தது. அவருடைய காது மயிர் டேங்க் பக்கமாகச் சாய்ந்தது. அவர் கன்னத்துப் பக்கம் இருந்த காற்றைத்தான் அது எடுத்துக்கொண்டது. எடுத்து முடித்ததும் அமைதியாகிவிட்டது.

நாச்சிமுத்து மூடியைத் திறந்தபடியே விட்டு நிமிர்ந்தார்.

"என்னண்ணா சத்தம் அது?" சுகுணாவுக்கும் கேட்டிருந்தது.

"ஸ்டார்ட் பண்ணு கண்ணு."

பட்டனைத் தொட்டதும் கிளம்பிவிட்டது. அரை மணி இல்லை. அரை நிமிஷம்கூட இல்லை. கொண்டுவந்த துண்ணூறுத் தட்டோடு பண்டாரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆப் பண்ணு. ஒரு ஊக்கு இருந்தா குடு."

மூடியைக் கையில் எடுத்து வெயிலில் பிடித்தார். மேலே சுவருக்குப் பூசின மாதிரி சந்தனம் காய்ந்து கிடந்தது. ஊக்கால் சுரண்டச் சுரண்ட ஏடு ஏடாக வந்தது. மஞ்சள், அதன் கீழே குங்குமச் சிவப்பு, அதன் கீழே மறுபடி மஞ்சள். எத்தனை நாள் காலை, எத்தனை நாள் சாயங்காலம் என்று எண்ணிவிடலாம் போல இருந்தது. எல்லாம் போனதும் நடுவில் ஒரு துவாரம் தெரிந்தது. கடுகுகூட நுழையாது. ஊக்கு முனையை விட்டுச் சுற்றினார். வாயை வைத்து ஊதினார். விசில் அடித்தது.

டேங்குக்குள் காற்றுப் போகிற வழி அது ஒன்றுதான். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை, சீக்கிரமே பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும்; அடியில் கொஞ்சம் மட்டும் இருந்தால் உள்ளே இருக்கிற காற்றே டவுன் வரைக்கும் போதும்.

வருகிற வழியெல்லாம் நாச்சிமுத்து ஒரு வார்த்தையைத் தயாராக வைத்திருந்தார். பாத்தியா கண்ணு உன்ற கருப்பராயன் லட்சணத்த, என்று சொல்ல வேண்டும் என்று. சுகுணாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவர் காலடியில் உதிர்ந்து கிடந்த சந்தனத் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பூசினது" என்றாள்.

"ஆமா கண்ணு."

"நின்னுச்சுன்னு பூசினேன். பூசினதாலதான் நின்னுச்சா?"

"மொதல்ல ஆயுத பூஜைக்கு யாராச்சும் ஒரு பொட்டு வெச்சிருப்பாங்க. அதுல லேசா அடைச்சிருக்கும்."

"அப்புறம் நான்."

"மிச்ச இடுக்குல காத்துக் கசிஞ்சு உள்ள போறதுக்குத்தான் அரை மணி ஆயிருக்குது கண்ணு."

"நல்லாகணும்னுதான்ண்ணா பூசினேன். நானே அதோட மூக்கப் பொத்திப் புடிச்சிட்டு, ஏன் மூச்சு விடமாட்டேங்குதுன்னு அழுதுட்டு இருந்திருக்கறேன்."

தயாராக வைத்திருந்த வார்த்தை நாச்சிமுத்துவுக்கு வரவே இல்லை. மூடியைப் போட்டார். முடுக்கப் போன கையை நிறுத்தி, அளவாகத் திருகினார்.

ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். வண்டி எங்கேயும் நிற்கவில்லை. திரும்பும்போது கோயில் வந்ததும் சுகுணாவின் கை தானாகவே பிரேக்குக்குப் போனது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போவது அவளுக்குப் பயமாக இருந்தது. வேலும் குதிரையும் பக்கத்தில் வந்தன. தாண்டின. இன்ஜின் சத்தம் மாறவே இல்லை. முதுகில் யாரோ பார்க்கிற மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னாள்.

பட்டறைக்கு வந்து சேர்ந்ததும் சுகுணா இறங்கவில்லை. வண்டியில் இருந்தபடியே கேட்டாள்.

"அப்ப கருப்பராயன் ஒண்ணுமே செய்யலியா கோகிலா?"

நாச்சிமுத்து நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்குப் பதிலை அவரும் கேட்க வேண்டும் என்று இருந்தது.

கோகிலவாணி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு டயரை அமுக்கிப் பார்த்தாள். "நாளைக்கு எட்டு மணிக்குப் போகணுமில்லீங்க்கா?"

"போகணும். அதுதான் யோசனையா இருக்குது. இத்தன நாளு நின்னுட்டு, வண்டி நல்லானதும் ஒரு கும்பிடுகூடப் போடாமத் தாண்டிப் போறதா? நிறுத்துறேன்னு வெச்சுக்க. நிறுத்தி, மறுபடி கெளம்பலைன்னா? நாளைக்கு ஒரு நாள் மட்டும் எனக்கு அந்தத் தைரியம் இல்ல. நிறுத்தவும் பயமா இருக்குது, நிறுத்தாமப் போகவும் பயமா இருக்குது."

"சாயங்காலம் நீங்க திரும்பி வர்றப்பவும் அவரு அங்கதானுங்க்கா இருப்பாரு."

சுகுணா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"சந்தனம்?"

"ஹேண்டில்ல வெய்யுங்க."

மறுநாள் காலையில் நாச்சிமுத்து வழக்கத்துக்கு முன்னாலேயே பட்டறைக்கு வந்துவிட்டார். வேலை ஒன்றும் செய்யவில்லை. ரோட்டைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். ஏழே முக்காலுக்கு அவர் போன் அடித்தது.

"வணக்கம், ஆஸ்பத்திரிங்க. உங்களுக்கு யாரோட பேசணும்?"

சுகுணாவின் குரல்தான். அவளே கூப்பிட்டுவிட்டு, விளையாட்டாக வேலைக் குரலில் பேசினாள். பின்னால் யாரோ டாக்டரைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"சீட்டுல உக்காந்துட்டியா கண்ணு?"

"கால் மணி முன்னாடியே. அந்தப் புதுப் புள்ள இன்னும் வரவே இல்ல."

"நின்னுச்சா?"

"நிக்கலண்ணா." பிறகு குரல் மாறியது. "அந்த எடத்துல அழுகை வந்துருச்சு. ஏன்னு தெரியல."

நாச்சிமுத்து போனை வைத்தார்.  பிறகு கோகிலவாணி பக்கம் வந்து நின்றார். அவள் ஒரு மொபெட்டின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா அம்மிணி?"

"கேளுங்கண்ணா."

"துவாரம் அடைச்சதுதான் நோவு. காத்துப் போனதும் சரியாயிருச்சு. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்புறம் அந்தப் புள்ள கேட்டப்ப, கருப்பராயன் ஒண்ணும் செய்யலேன்னு ஏன் சொல்லாம விட்டீங்க?"

கோகிலவாணி எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தாள்.

"நாம கார்புரேட்டர எத்தன தடவ கழட்டினோம்?"

"மூணு தடவைங்க."

"சரியாச்சுங்களா?"

"இல்லீங்க."

"அவருகிட்டப் போயி நின்ன வண்டி ஒரு நாளாச்சும் கெளம்பாம இருந்துச்சுங்களா?"

நாச்சிமுத்து யோசித்துப் பார்த்தார். "இல்லீங்க. ஒரு நாளும் இல்ல."

"அவரு ஸ்பேனரே எடுக்கலீங்ண்ணா. அது மூச்சு வாங்குற வரைக்கும் சும்மா உக்கார வெச்சாரு. நமக்கு அது தெரியலையே."